வானம் பார்த்த மட்டை

மார்ச் 3, செவ்வாய்

போதும். மூன்று வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாயிற்று. இன்னும் பொறுத்தால் எனக்கு வாய் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகம் கிளப்காரர்களுக்கு மட்டுமல்ல, எனக்கே வந்துவிடும்.

விஷயம் என் பட்டர். கோல்ஃபில் பந்தைத் தூர அடிக்க ஒரு மூட்டை மட்டைகள் உண்டு. குழிக்குப் பக்கத்தில் வந்தபின் மெல்ல உருட்டி உள்ளே விட ஒரே ஒரு மட்டைதான். அதுதான் பட்டர். அது சரியில்லையென்றால் அதுவரை அடித்ததெல்லாம் வீண். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

என் ஐம்பதாவது பிறந்தநாளன்று மச்சினன் எனக்கு ஒரு பட்டர் கொடுத்தான். மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி, தண்ணீர் மோட்டார் கம்பெனியில் விற்பனை மேலாளர், இப்போது எங்கள் கிளப் அணிக்குத் தலைவர். மட்டையின் தலை இஸ்திரிப்பெட்டி போல இருக்கும். கழுத்தில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. "அத்தான், இது உங்களுக்குன்னே பார்த்துப் பார்த்து வாங்கினது" என்றான். அன்று முதல் என் பந்து குழிக்கு வலது பக்கமாகப் போகிறது. குழியை எட்டிப் பார்த்துவிட்டு, நலம் விசாரித்துவிட்டு, வலது பக்கம் போகிறது. கிளப்பில் எனக்கு 'வலதுசாரி' என்று பெயர். வாழ்நாளில் ஓர் அரசியல் கூட்டத்துக்கும் போகாதவன் நான்.

இதில் கூத்து என்னவென்றால், அவனைக் கிளப்பில் சேர்த்துவிட்டதே நான். மட்டையின் எந்தப் பக்கம் மேலே என்று கேட்டுக்கொண்டு வந்தவன். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்னால், தலைவரானதும் ஒரு விருந்தில் என்னை யாருக்கோ அறிமுகப்படுத்தினான்: "எங்க அக்கா வீட்டுக்காரர். அவரும் ஆடுவார்." அவரும்! அந்த 'உம்' இன்னும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

இன்று மதியம் கல்லூரியில் எனக்கு வகுப்பு இல்லை. கிளப் உடைமாற்றும் அறையில் பட்டரைத் துடைத்துவிட்டு, சும்மா, அதன் தண்டை ஆள்காட்டி விரல்மேல் குறுக்காக வைத்துச் சமன் பார்த்தேன். மட்டையின் முகம், அதாவது பந்தைத் தொடும் பக்கம், மெல்லத் திரும்பி, மல்லாக்கப் படுத்து, வானத்தைப் பார்த்தது. பக்கத்தில் பல் டாக்டரின் பட்டர் சாத்தியிருந்தது. அதையும் வைத்துப் பார்த்தேன். அதன் தலையின் நுனி, மூக்கு போல, தரையைப் பார்த்துத் தொங்கியது.

இருபது வருடமாக ஈர்ப்பு மையம் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஸ்கேல், டஸ்டர், ஒரு முறை ஒரு மாணவனின் செருப்பு என்று எதையெதையோ விரலில் நிறுத்திக் காட்டியிருக்கிறேன். சொந்த மட்டையை ஒருநாள்கூட நிறுத்திப் பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் வருடாந்திர இணைப் போட்டி 29ஆம் தேதி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து கிளப்போடு. அறிவிப்புப் பலகையில் தலைவர் பெயருக்கு நேரே சாக்பீஸால் ஒரு கேள்விக்குறி. மற்ற இடங்களெல்லாம் நிரம்பிவிட்டன. இந்தக் கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான் இல்லாமல் அந்தப் போட்டி நடந்ததில்லை. இந்த வருடம் அந்தக் கேள்விக்குறி நானா, வேறொருவரா?

மார்ச் 4, புதன்

கிளப் பத்திரிகை அலமாரியில் ஒரு பழைய கோல்ஃப் இதழ் கிடைத்தது. விஷயம் இதுதான். சிலர் உருட்டும்போது மட்டை மேஜை இழுப்பறை மாதிரி போய்வரும்: நேரே பின்னால், நேரே முன்னால். சிலருக்குக் கதவு மாதிரி: வளைந்து திறந்து, வளைந்து மூடும். இழுப்பறைக்காரருக்கு வானம் பார்க்கும் மட்டை. அது திரும்பாது. கதவுக்காரருக்கு மூக்குத் தொங்கும் மட்டை. அது தானே திறந்து தானே மூடிக்கொள்ளும். மாற்றிக் கொடுத்தால்? கதவுக்காரனுக்குக் கதவு முழுக்க மூடாது. பந்து வலது பக்கமாக நழுவும். இழுப்பறைக்காரனுக்கு மட்டை அவசரப்பட்டு மூடிக்கொள்ளும்; பந்து இடது பக்கம் போகும்.

நான் கதவா, இழுப்பறையா?

மாலையில் வீட்டு நடைவழியில் சோதனை. எதிர்க் கோடியில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்தேன். மகள் ஸ்டூல்மேல் ஏறி நின்று மேலிருந்து ஃபோனில் படம் பிடித்தாள். தரையில் நேர்க்கோட்டுக்கு நூல் ஒட்டியிருந்தோம். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். சந்தேகமே இல்லை. மட்டை நூலைவிட்டு உள்பக்கம் வளைந்து போய், வளைந்து வருகிறது.

"அப்பா, நீங்க கதவுதான். கீல் சத்தம்கூடக் கேக்குது."

அது என் முழங்கால். இருந்தாலும் முடிவு முடிவுதான். கதவுக்காரனான எனக்கு, 'உங்களுக்குன்னே பார்த்துப் பார்த்து வாங்கினது' என்று சொல்லி, வானம் பார்க்கும் மட்டையைக் கொடுத்திருக்கிறான்.

சதி.

மார்ச் 5, வியாழன்

மட்டை வாங்கிய அன்று அவன் கடைக்காரரோடு அரை மணி நேரம் பேசினானாம். அன்றே மனைவி பெருமையாகச் சொன்னாள். அரை மணி நேரம்! என் கல்யாணத்தில்கூட அவன் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது. எல்லாரும் ஆடப் போயிருந்த நேரம் பார்த்து உடைமாற்றும் அறைக்குப் போனேன். சிலர் பட்டரை அறையிலேயே விட்டுவிட்டுக் கடையிலிருந்து சோதித்துப் பார்க்க வாங்கி வந்ததை எடுத்துப் போயிருந்தார்கள். விட்டுப்போன ஒவ்வொன்றையும் விரலில் வைத்துப் பார்த்தேன். பொருளாளரின் மட்டை வானம் பார்க்கிறது. அவர் எதையும் நேராகச் செய்து நான் பார்த்ததில்லை, ஆச்சரியம்தான். கண் மருத்துவருடையது இரண்டும் கெட்டான், பாதி சாய்ந்து நின்றது.

மச்சினனின் பழைய பட்டரும் இருந்தது. வைத்தேன். மூக்குத் தொங்கியது! தனக்கு மட்டும் கதவுக்கு ஏற்ற மட்டை. தனக்கு ஒரு நியாயம், அத்தானுக்கு ஒரு நியாயம்.

இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றுமாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிளப் செயலாளர் வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார்.

"என்ன சார், சர்க்கஸுக்கு ஆள் எடுக்கறாங்களா?"

"எடை பார்க்கிறேன்."

"தராசு வேணும்னா சமையலறையில இருக்கு சார்."

அவர் போய்விட்டார். போகும்போது சிரித்தாரா, இருமினாரா? கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மட்டையை விரலில் வைத்து முகம் மேலே திரும்புவதைக் காட்டினேன்.

"அழகா இருக்குங்க" என்றாள்.

"அழகா? உன் தம்பி எனக்குச் செய்த துரோகம் இது."

"அவன் எதுக்குங்க துரோகம் பண்ணணும்? உங்க பேர்ல அவனுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? போன வாரம்கூட, 'அத்தானை ஏன் வலதுசாரின்னு கூப்பிடறாங்கன்னே புரியலக்கா, என்கூட ஆடும்போது நல்லாத்தானே போடறாரு'ன்னு சொன்னான்."

பார்த்தீர்களா, குத்தலை! குத்திவிட்டு, குத்தின இடத்தில் மருந்தும் தடவுகிறான். அவனோடு நான் ஆடுவதே எப்போதாவதுதான். கூடியவரை வேறு குழுவில் பெயர் கொடுத்துவிடுவேன். அப்படி ஆடின நாட்களில் பந்து உள்ளே போயிருக்கலாம். யார் கவனித்தார்கள்? அந்த நாட்களில் எனக்கு அவன் முகத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லை.

"தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டியே" என்றேன்.

"உங்களையும் விட்டுக்கொடுத்ததில்ல. இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தேன்.

மார்ச் 14, சனி

பல் டாக்டரிடம் அவருடைய மூக்குத் தொங்கும் மட்டையை இரவல் கேட்டேன். "என் பல்லைப் புடுங்கற மாதிரி இருக்கு. ஒரு வாரத்துல குடுத்துடுங்க" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை. சிரித்து வைத்தேன்.

காலையில் யாரும் வருமுன் பயிற்சிப் புல்தரைக்குப் போனேன். முதல் உருட்டு உள்ளே. இரண்டாவது உள்ளே. அப்புறம் எண்ணவில்லை. பந்து குழிக்குள் விழும் அந்தச் சத்தம்... மூன்று வருடமாக அந்தச் சத்தத்தை அடுத்தவர் பந்துக்குத்தான் கேட்டிருக்கிறேன். தனியாக நின்று உரக்கச் சிரித்தேன். புல் வெட்டுபவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும்.

நாளை மச்சினன் அணித் தேர்வுக்காக என்னோடு ஒரு சுற்று ஆட வருகிறான். வரட்டும். கேள்விக்குறியை நானே கையால் அழிக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

இடது.

எல்லாமே இடது. முதல் குழியில் இடது. இரண்டாவதில் இன்னும் இடது. ஐந்தாவதில் ஒரு முழம்கூட இல்லாத உருட்டு. தூக்கத்தில் போட்டாலும் விழும். இடது.

ஆறாவதில் மச்சினன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்:

"என்ன அத்தான், கட்சி மாறிட்டீங்களா?"

கூட வந்த பல் டாக்டர் சிரித்துச் சிரித்துப் பையின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மட்டையை அவர்மேலேயே... வேண்டாம். எழுதக்கூடாது.

"நான் குடுத்தது எங்க அத்தான்? அது நல்லாத்தானே இருந்துச்சு?"

நல்லாத்தானே! பச்சைப்பிள்ளை மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு கேக்கறான். நான் வாயைத் திறந்திருந்தா அது கிளப் விதிகளுக்குப் புறம்பாத்தான் இருந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மீதிக் குழிகளையும் முடித்தேன்.

நேற்று அதே மட்டை, அதே கை, அதே பந்து. நேற்று எல்லாம் உள்ளே, இன்று எல்லாம் இடது. இது எந்த இயற்பியலில் வரும்?

மார்ச் 16, திங்கள்

வகுப்பில் ஈர்ப்பு மையம். ஸ்கேலை விரலில் வைத்தேன், விழுந்துவிட்டது. பின் வரிசையில் யாரோ "இடது" என்றார்கள். கிளப் செய்தி கல்லூரிக்கு எப்படி வருகிறது? துறைத்தலைவர் மூலமாகத்தான்; பல் டாக்டரின் பக்கத்து வீட்டுக்காரர் அவர். என்னைவிட இளையவர், என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அவர் கணக்கு தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மார்ச் 18, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஞாயிறன்று மகளும் கிளப்புக்கு வந்திருந்தாள். மாடியில் உட்கார்ந்து குளிர்பானம் குடித்தபடி பொழுதுபோகாமல் எங்களைப் படம் பிடித்திருக்கிறாள். இன்று மாலை அதையும், அன்று நடையில் எடுத்ததையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினாள்.

"அப்பா, இது யாரு?"

"நான்தான்."

"இல்லப்பா, நல்லாப் பாருங்க. வீட்டுல நீங்க கதவு. இங்க இழுப்பறை."

பார்த்தேன். உண்மை. படத்தில் இருந்தவனுக்கு முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கின்றன. தோள் காதுவரை ஏறியிருக்கிறது. தாடை இறுகியிருக்கிறது. மட்டை நூல் பிடித்தது போல நேரே பின்னால், நேரே முன்னால். மூக்குத் தொங்கும் மட்டையை இழுப்பறைக்காரன் அடித்தால் பந்து எங்கே போகும்? இடது. இதழில் எழுதியிருந்தபடியே. இயற்பியல் என்னைக் கைவிடவில்லை, நான்தான் வேறொருவனாகிவிட்டேன்.

"பல்லைக் கடிச்சிருக்கீங்க. பின்னாடி யாரு நிக்கறா பாருங்க."

பின்னால் மச்சினன் நின்றிருந்தான். கையில் வாழைப்பழம்.

அறிவியல் என்றால் ஒரு முறை பார்த்தது போதாது. நடையில் டம்ளரை வைத்தேன். மகள் ஸ்டூலில் ஏறினாள். சாதாரணமாக உருட்டினேன்: கதவு. உருட்டப்போகும் நேரம் பார்த்து, "மாமா படியேறி வர்றார்ப்பா" என்றாள். பொய்தான். ஆனாலும் இழுப்பறை! தோள் தானாக ஏறிவிட்டது. அதோடு விட்டாளா? ஆல்பத்திலிருந்து மச்சினனின் படத்தை எடுத்து வந்து செருப்பு அலமாரிமேல் சாய்த்து வைத்தாள். இழுப்பறை. சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கதவு. மறுபடி என் பக்கம் திருப்பினாள். இழுப்பறை. கேவலம், ஒரு காகிதப் படத்துக்கு!

ஒப்பீட்டுக்கு வேறு படங்களும் வேண்டும் என்று நானே சொன்னேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? மனைவியின் படம்: நல்ல வளைவு. கல்லூரி ஆண்டு மலரிலிருந்து துறைத்தலைவர்: இழுப்பறை, இன்னும் இறுக்கம், பந்து டம்ளரைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டது. என்னுடைய படம்: இரண்டும் கெட்டான்.

மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்:

"ஏங்க, அவன் கடைக்காரர்கிட்ட அரை மணி நேரம் என்ன சொல்லியிருப்பான்?"

"எனக்கென்ன தெரியும்?"

"நீங்க எப்படி அடிப்பீங்கன்னுதானே சொல்லியிருப்பான்? அவன் உங்களை எப்பப் பார்த்திருக்கான்? அவன் பக்கத்துல இருக்கறப்போதானே?"

அவன் எனக்குத் தப்பான மட்டை வாங்கவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்த மனிதனுக்குச் சரியான மட்டை வாங்கியிருக்கிறான். கையை ஒட்டி, தோளை ஏற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனுக்கு. வேறொரு என்னை அவன் பார்த்ததே இல்லை.

அப்படியென்றால் இந்த மூன்று வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 19, வியாழன்

'அவரும் ஆடுவார்' இருக்கிறதே. அது இன்னும் பாக்கி இருக்கிறது. கோபம் முழுக்கப் போய்விடவில்லை.

மார்ச் 21, சனி

பலகையில் கேள்விக்குறியை அழித்து என் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

செயலாளர்தான் விவரம் சொன்னார். தேர்வுக் கூட்டத்தில் எல்லாரும் எதிர்த்தார்களாம். ஞாயிறு ஆட்டத்தைப் பல் டாக்டர் நடித்தே காட்டினாராம். மச்சினன் அசையவில்லையாம். "அது இரவல் மட்டை. நான் குடுத்த மட்டையோட என்கூட ஆடறப்போ அத்தான் உருட்டி விழாததை நான் பார்த்ததில்ல. நான் அவரோடதான் ஆடுவேன். வேற ஆளைப் போட்டா வேற தலைவரையும் போட்டுக்குங்க."

இதை ஏன் என்னிடம் சொன்னார் இந்த மனுஷன்? இப்போது பாருங்கள் என் நிலைமையை. ஒரே பந்து, இருவரும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அவன் முழு ஆட்டமும் பக்கத்திலேயே இருப்பான். இருந்தால் நான் இழுப்பறை. அதற்கு அந்த வானம் பார்க்கும் மட்டைதான் சரி. எல்லாம் பொருந்துகிறது, ஒரு நிபந்தனையோடு: 29ஆம் தேதிவரை அவன்மேல் என் கோபம் குறையக்கூடாது.

எனக்காகத் தலைவர் பதவியையே பணயம் வைத்தவன்மேல் எப்படிக் கோபமாக இருப்பது? சுயநலக்காரன். என் பிழைப்பைக் கெடுக்கவே நல்லவனாக நடக்கிறான்.

மார்ச் 24, செவ்வாய்

கோபப் பயிற்சி. காலையில் பல் துலக்கும்போதே அவன் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக்கொள்கிறேன். 'அவரும்'. என் குடையை எடுத்துப்போய்ப் பேருந்தில் விட்டது. நான் மூன்று நாள் யோசித்து வாங்கிய காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு "பரவால்ல" என்றது. காலையில் நன்றாகக் கொதிக்கிறது. மத்தியானத்துக்குள் ஆறிப்போய்விடுகிறது. குடை விஷயத்தில் அவனே புதுக்குடை வாங்கித் தந்தான் என்பது வேறு நடுவில் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

"சாப்பிடும்போது ஏங்க சுவத்தை முறைக்கறீங்க?" என்றாள் மனைவி.

"பயிற்சி."

மகள் அவள் மாமா படத்தைக் கொண்டுவந்து தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள். புத்திசாலி. என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 26, வியாழன்

வேறு வழியில்லாமல் அவனுக்கே ஃபோன் செய்தேன்.

"என்னை ஏதாவது திட்டேன்."

"என்ன அத்தான்?"

"காரணம் கேக்காத. நாலு வார்த்தை திட்டு. உறைக்கற மாதிரி."

மூச்சு மட்டும் கேட்டது. பாவம், முயற்சி செய்திருக்கிறான்.

"…வரல அத்தான். அக்காவை வேணா கேக்கட்டுமா?"

கேட்க வேண்டாம் என்றேன். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்காது.

மார்ச் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பாதியில் நான் உருட்டியதெல்லாம் விழுந்தது. வானம் பார்த்த மட்டை, வளையாத கை. அந்தப் பக்கத்து கிளப்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சினனும் தன்னை அறியாமல் ஒத்துழைத்தான். மூன்றாவது குழியில் என் அடியைப் பார்த்து "பரவால்ல அத்தான்" என்றான். என் காருக்குச் சொன்ன அதே 'பரவால்ல'. நாலு குழிக்குத் தாங்கியது. ஏழாவதில் என் தோளுக்கு மேலே எட்டி என் பந்தின் வழியைப் பார்த்தான், ஏதோ எனக்குக் கண் தெரியாதது போல. அது பதினொன்றுவரை வந்தது. அப்புறம் கையிருப்பு தீர்ந்துகொண்டே வந்தது. பதினேழில் பல் டாக்டர் சிரித்ததை நினைத்துச் சமாளித்தேன்.

கடைசிக் குழி. இருதரப்பும் சமம். இரண்டு முழ தூரம், நேரான தரை, என் முறை. விழுந்தால் கோப்பை எங்களுக்கு. விழாவிட்டால், போன வருடம் வென்றவர்கள் என்ற முறையில் அவர்களிடமே இருக்கும். எல்லாரும் வட்டமாக நின்றார்கள். மனைவியும் மகளும் கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

மட்டையைத் தரையில் வைத்தேன். 'அவரும்', 'அவரும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தோள் ஏறியது. முழங்கை ஒட்டியது. எல்லாம் தயார்.

அந்த நேரம் பார்த்து அவன் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"அத்தான், விழுந்தாலும் விழாட்டாலும் கவலைப்படாதீங்க. என்னை இந்த இடத்துக்குக் கூட்டிட்டு வந்ததே நீங்க. மட்டை பிடிக்கச் சொல்லிக் குடுத்ததும் நீங்க. எங்க போனாலும் நான் அதைத்தான் சொல்றேன், எங்க அத்தான் ஆடுவாரு, அதைப் பார்த்துத்தான் நானும் ஆடறேன்னு."

நானும். 'உம்' இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

அய்யோ பாவி, இப்பவா சொல்வே?

தோள் இறங்கிவிட்டது. எனக்கே தெரிந்தது. முழங்கை விலாவைவிட்டு நழுவியது. தாடை விட்டது. நிறுத்து, தள்ளி நில், மறுபடி கோபப்படு என்று மண்டைக்குள் யாரோ கத்தினார்கள். அதற்குள் கை போய்விட்டது. அழகான வளைவு. கதவு திறந்தது, மூடவில்லை. பந்து குழியை எட்டிப் பார்த்தது, நலம் விசாரித்தது.

வலது.

அந்தப் பக்கத்து கிளப்காரர்கள் குதித்தார்கள். எங்கள் பக்கத்தில் பொருளாளர் மட்டும் "வலதுசாரி" என்று பெருமூச்சுவிட்டது தெளிவாகக் கேட்டது.

மச்சினன் பந்தை எடுத்து என் கையில் கொடுத்தான். முகம் வெளுத்திருந்தது. "நான் ஏதும் பேசியிருக்கக் கூடாதோ அத்தான்?"

"ஆமாடா" என்றேன். "நீ பேசினதுதான்."

அதோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. தோற்ற இடத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வர, ஊரே பார்க்கச் சிரித்தேன். அதிர்ச்சியில் மூளை குழம்பிவிட்டது என்று பல் டாக்டர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 31, செவ்வாய்

மச்சினன் வந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்: விரல், கதவு, இழுப்பறை, செருப்பு அலமாரி, படம். படத்துக்கு வந்தபோது நடையில் சுவரோடு சரிந்து உட்கார்ந்து சிரித்தான். "துறைத்தலைவர் என்னைவிட மோசமா அத்தான்?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். பாதியில் நிறுத்தி, ஒரு மாதிரி பார்த்து, "அப்போ மூணு வருஷமா என்மேல கோபமாவா இருந்தீங்க?" என்றான்.

"ஆமாம்."

"எனக்குத் தெரியவே இல்லையே. நீங்க அப்படித்தான் இருப்பீங்கன்னு நினைச்சேன்."

நான் போய் மட்டையை எடுத்துவந்தேன்.

ஸ்டூலில் மகள் ஏறினாள். அவனை என் பின்னால் நிற்க வைத்தோம், படமல்ல, முழு ஆளையே. உருட்டினேன். கதவு. இன்னொரு முறை. கதவு. கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துப் பார்த்தோம். கதவுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இரவல் மட்டையைப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். சொந்தமாக ஒன்று, மூக்குத் தொங்குவது, மச்சினனோடு போய் வாங்கினேன். கடைக்காரர் என்னை அடித்துக் காட்டச் சொன்னார். அவரோடு நான்தான் பேசினேன், அரை மணி நேரம். மச்சினன் வாசலில் பொறுமையாக நின்றான்.

வானம் பார்க்கும் மட்டையைத் தூக்கிப் போடவில்லை. துறைத்தலைவர் கிளப்பில் சேர மனு போட்டிருக்கிறாராம்.

ஏப்ரல் 8, புதன்

கோப்பை கைக்கு வராததற்குக் கிளப்பில் இன்னும் துக்கம் ஆறவில்லை. ஆளாளுக்குப் புது பட்டர் வாங்குகிறார்கள். பொருளாளர் இரண்டு வாங்கியிருக்கிறார். உடைமாற்றும் அறையில் இப்போது எல்லாரும் மட்டையை விரலில் நிறுத்திப் பார்க்கிறார்கள். செயலாளர்கூட. ஆனால் பார்க்கிறார்களே தவிர, பாதிக் கதைதான் தெரிகிறது. மட்டை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். அடிக்கும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. இப்படியே போனால் அடுத்த வருடமும் கோப்பை ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான்.

அதனால் இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். பெயர் போடப்போவதில்லை. துறைத்தலைவர் பற்றிய வரிகளை எடுத்துவிடலாம் என்றாள் மனைவி. எடுக்க மாட்டேன். அவர் சேர்ந்ததும் படிக்கட்டும்.

மகள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பாதியில் கேட்டாள்: "அப்பா, 'அத்தான்'னு வர்ற இடமெல்லாம் வெட்டிடவா? இந்தக் கிளப்புல அப்படிக் கூப்பிடற ஆள் ஒருத்தர்தான். எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

யோசித்தேன்.

அது இருக்கட்டும் என்றேன்.